சீறுகின்ற குட்டியும் வீட்டுப் பூனையாகும்



பூனைக்குட்டிகளைக் 'கொண்டுபோய் விடுவது' என்றொரு வழக்கம் நமது ஊர்களில் இருக்கின்றது. வீட்டின் பின்புறத்திலோ விறகுக் குவியலுக்குள்ளோ எங்கிருந்தோ வந்த ஒரு பூனை குட்டி போட்டிருக்கும். குட்டிகள் ஓடித் திரியத் தொடங்கியதும் ஒருநாள் யாராவது உரப்பையை எடுப்பார்கள். சந்தைக்குப் பின்னாலோ, மீன் விற்கும் இடத்திலோ, பாலத்துக்கு அப்பாலோ அந்தப் பை அவிழ்க்கப்படும். "கொல்லவில்லைதானே, மீன் தலை கிடைக்கிற இடத்தில்தானே விட்டோம்" என்று மனதுக்குச் சமாதானமும் சொல்லிக்கொள்வோம். எலி பிடிக்கட்டும் என்று ஒரு கடுவன் குட்டியை வைத்துக்கொள்பவர்கள் உண்டு. நான் கண்டவரையில் பைக்குள் போவது பெரும்பாலும் பெட்டைக் குட்டிகள்தான். அது வளர்ந்தால் வீட்டில் குட்டி போடும் என்பதுதான் காரணம்.

பால் மறக்காத குட்டிக்குச் சந்தை பிழைக்கும் இடமல்ல. நாய், வாகனம், பசி, வயிற்றோட்டம் என்று ஏதாவது ஒன்று அதன் கதையை முடித்துவிடும். தப்பிப் பிழைக்கின்ற ஒன்றிரண்டும் மனிதரைக் கண்டால் ஓடுகின்ற பூனைகளாக வளர்ந்து, அங்கேயே குட்டி போடும். நமது வளவில் இருந்த பிரச்சினை இன்னொருவரின் வளவுக்குப் போயிருக்குமே தவிரத் தீர்ந்திருக்காது.

மனிதரைக் கண்டால் சீறுகின்ற ஒரு குட்டியை நோகாமல் பிடிக்க முடியுமா? பிடித்தாலும் அதை வீட்டுப் பூனையாக்க முடியுமா? முடியும். அதற்கு ஒரு காலம் இருக்கின்றது, ஒரு முறையும் இருக்கின்றது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமம் ஒன்றில் நான் வேலை செய்கின்ற தையல் நிலையத்தில் நடந்ததை வைத்தே இதைச் சொல்கின்றேன்.

விறகுக்குள் மூன்று குட்டிகள்

அந்த நிலையத்தின் பின்சுவரோடு விறகு அடுக்கியிருந்தது. அதற்குள் ஒரு பூனை மூன்று குட்டிகள் போட்டிருந்தது. ஒன்று கறுப்பு, ஒன்று மஞ்சள், மூன்றாவது கறுப்பும் மஞ்சளும் வெள்ளையும் கலந்தது. இப்படி மூன்று நிறமும் கலந்த பூனை அநேகமாக எப்போதுமே பெட்டையாகத்தான் இருக்கும். நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு அப்படி அமைந்திருக்கின்றது. எங்கள் பயிலுநர்களுக்கு இந்த விஞ்ஞானம் தெரியாவிட்டாலும் அனுபவத்தில் தெரிந்திருந்தது. கறுப்பையும் மஞ்சளையும் ஆளுக்கொருவர் கேட்டு வைத்துவிட்டார்கள். மூன்றாவதை யாரும் கேட்கவில்லை.

"பொட்டக்குட்டியக் கொண்டுபோய் விடுங்க புள்ள. அது வளந்தா வருசத்துக்கு ரெண்டு மூணு தரம் குட்டி போடும், ஆரு பாக்கிற?" என்று சொன்னவர் நிலையத்தில் எல்லோருக்கும் மூத்த அக்கா. சேலைத் தலைப்புகளில் பூனை மூத்திர வாடை வந்தால் கூலிக்குத் தைக்கக் கொடுத்தவர்களுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவருடைய பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. மாதக் கடைசியில் பையைக் கட்டுவது என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது.

அதற்கு முன்னர் இன்னொன்று நடந்தது. பயிலுநர் ஒருவரின் மகன், பத்து வயதுப் பையன், அந்த மூன்றாவது குட்டியைப் பிடிக்க விறகுக்குள் கையை நுழைத்தான். ஒதுங்க இடமில்லாமல் போனதும் குட்டி அவனுடைய பெருவிரலைக் கடித்துவிட்டது. தாய் பதறி ஓடிவந்து காயத்தில் சுண்ணாம்பு பூசப் போனார். வேறு சிலர் குட்டியை அடித்துக் கொல்ல விறகுக் கட்டையோடு நின்றார்கள்.

கடி பட்டால் என்ன செய்வது?

இது உயிர் சம்பந்தமான விடயம் என்பதால், இந்த இடத்தில் கதையைச் சற்று நிறுத்தி இதைச் சொல்லிவிடுகின்றேன்.

விசர்நாய் நோய் என்று நாம் சொல்கின்ற நீர்வெறுப்பு நோயை நாய் மட்டுமல்ல, பூனையும் கடத்தும். நோயின் அறிகுறி மனிதரில் தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. அறிகுறி தோன்றுவதற்கு முன்னர் ஊசி போட்டால் தடுத்துவிடலாம். பிரான்ஸ் நாட்டில் லூயி பாஸ்டர் 1885 ஆம் ஆண்டில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் சிகிச்சை அளித்த காலத்திலிருந்து உலகம் இதை அறிந்திருக்கின்றது. ஆனாலும் காயம் சிறியது, கடித்தது குட்டிதானே என்று இருந்துவிடுகின்றவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றார்கள்.

பூனை கடித்தாலோ இரத்தம் வரும்படி கீறினாலோ உடனே ஓடுகின்ற நீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடங்கள் கழுவுங்கள். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், கோப்பித்தூள் எதுவும் வேண்டாம். காயத்தை இறுக்கிக் கட்டவும் வேண்டாம். அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். பூனையின் பல் மெல்லியதும் கூரியதும் ஆகையால் கிருமியை ஆழத்தில் கொண்டுபோய் விடும். வெளியில் சிறிய புள்ளியாகத் தெரிகின்ற காயமும் உள்ளே பழுக்கக்கூடும். இதற்காகவும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

கடித்த பிராணியை அடித்துக் கொல்லவோ, எங்காவது கொண்டுபோய் விடவோ கூடாது. பையனைப் பார்த்த வைத்தியர் ஊசியை ஆரம்பித்துவிட்டு, "குட்டியைக் கைவிடாதீர்கள். பிடித்து அடைத்து வைத்து 14 நாட்கள் பாருங்கள். அது செத்தாலோ காணாமல் போனாலோ உடனே வந்து சொல்லுங்கள்" என்றார். குட்டி சுகமாக இருக்கின்றதா இல்லையா என்பது பையனின் சிகிச்சைக்கே தேவையான தகவலாகிவிட்டது. பையைக் கட்டுகின்ற கதை அன்றோடு நின்றது. இப்போது குட்டியை உயிரோடு பிடித்தே ஆக வேண்டும்.

பூனைக்கும் உண்டு சமூகமயமாக்கல்

சமூகவியல் படிக்கப் போனவர்களுக்கு முதலாம் வருடத்திலேயே 'சமூகமயமாக்கல்' என்ற சொல் வந்துவிடும். பிறக்கும்போது குழந்தைக்கு மொழியும் தெரியாது, முறையும் தெரியாது. சுற்றியிருப்பவர்களே அதைச் சமூகத்தின் அங்கத்தவர் ஆக்குகின்றார்கள் என்பது அதன் பொருள். விலங்குகளின் நடத்தையை ஆராய்பவர்களும் இதே சொல்லைப் பயன்படுத்துகின்றார்கள் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்தில் எய்லீன் கார்ஷ் என்ற பெண் உளவியலாளர் 1980களில் பூனைக்குட்டிகளை வைத்து ஆய்வுகள் செய்தார். சில குட்டிகளை மூன்றாவது கிழமையிலிருந்தும், சிலவற்றை ஏழாவது கிழமையிலிருந்தும் நாள்தோறும் கையில் எடுத்துப் பழக்கினார்கள். முந்திப் பழகிய குட்டிகளே வளர்ந்த பின்னர் மனிதரிடம் அதிகம் நெருங்கின. ஏறத்தாழ 2 கிழமையிலிருந்து 7 கிழமை வரையுள்ள காலமே பூனைக்குட்டி மனிதரை ஏற்றுக்கொள்ளும் காலம் என்பது அந்த ஆய்வுகளிலிருந்து பெறப்பட்ட முடிவு.

நம் விறகுக்குள் இருக்கின்ற குட்டி குணத்தால் கெட்டதல்ல. அந்தக் கிழமைகளில் மனிதக் கையை அது அறியவில்லை, அவ்வளவுதான். 7 கிழமைக்குப் பிறகு கதவு ஒரேயடியாக மூடிவிடுவதுமில்லை. மெல்ல மெல்லச் சாத்துப்படுகின்றது. 5, 6 கிழமைக் குட்டி பெரும்பாலும் சில நாட்களில் பழகும். 8, 10 கிழமைக் குட்டிக்கு இரண்டு மூன்று கிழமைகள் பிடிக்கும். நாலு மாதத்தைத் தாண்டிய பின்னர் பழக்குவது கடினம். அப்படியான பூனையை வற்புறுத்தி வீட்டுக்குள் அடைப்பதை விட, கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்து அது வாழ்ந்த இடத்திலேயே விட்டு உணவு வைப்பதுதான் இரக்கம்.

குட்டியின் வயதை எப்படி அறிவது? கண் திறப்பது பிறந்து 7 முதல் 14 நாட்களுக்குள். மூன்றாம் கிழமையில் தள்ளாடி நடக்கும். நாலாம் கிழமையில் தாய் தின்பதை மோந்து பார்க்கும். ஆறு ஏழு கிழமைகளில் கண்ணின் நீலநிறம் மாறத் தொடங்கும். எட்டாம் கிழமையில் ஏறத்தாழ 1 கிலோ நிறை இருக்கும். நாலு கிழமைக்கு உட்பட்ட குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். தாய் பல மணி நேரம் இரை தேடப் போயிருக்கலாம். தள்ளி நின்று பாருங்கள், அநேகமாக அது திரும்பி வரும்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வயல் வெட்டுகின்ற காலத்தில் பற்றைகளிலும் வரம்போரங்களிலும் அகப்படுவது வீட்டுப் பூனையின் குட்டியாகத்தான் இருக்கும் என்றில்லை. இலங்கையில் சிறுத்தையைத் தவிர மீன்பிடிப் பூனை, காட்டுப் பூனை, துரு நிறப் புள்ளிகள் கொண்ட மிகச் சிறிய பூனை என்று வேறு மூன்று காட்டினங்களும் வாழ்கின்றன. 1937 ஆம் ஆண்டிலேயே வனவிலங்குகளைப் பாதுகாக்கக் கட்டளைச் சட்டம் இயற்றிய நாடு இது. சந்தேகமாக இருந்தால் குட்டியைத் தொடாமல் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அவற்றைப் பழக்கி வளர்ப்பது அவற்றுக்கு நன்மையுமில்லை, நமக்கு உரிமையுமில்லை.

பிடிப்பது எப்படி?

துரத்திப் பிடிக்கக் கூடாது. விறகைக் கலைக்கக் கூடாது. புகை போடுதல், சுருக்குக் கயிறு, எலிக்கு வைக்கும் ஒட்டும் பசை எதுவும் கூடாது. ஒருமுறை பயந்த குட்டி அடுத்த முறை அந்தப் பக்கமே வராது; தாயும் குட்டிகளை வாயில் கௌவிக்கொண்டு வேறிடம் போய்விடும்.

நாங்கள் பயன்படுத்தியது மரக்கறி ஏற்றுகின்ற பிளாஸ்டிக் கூடை ஒன்றுதான். குட்டியின் தலை நுழைய முடியாத அளவுக்குச் சிறிய துவாரங்கள் உள்ள கூடையாக இருக்க வேண்டும். அதைக் கவிழ்த்து, ஒரு பக்கத்தைச் செங்கற்களில் உயர்த்தி, விறகுக்கு இரண்டு முழம் தள்ளி வைத்தோம். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் கூடைக்குக் கீழே அவித்த சூடை மீன் வைத்தோம். வைக்கும்போது கரண்டியால் தட்டில் இரண்டு தட்டுத் தட்டுவோம். அந்தச் சத்தம் சாப்பாட்டுக்கு அடையாளமாகிவிடும். முதல் நாள் இருட்டிய பிறகே குட்டிகள் வந்தன. மூன்றாம் நாள் பகலிலேயே வந்தன. அதுவரைக்கும் கூடையை யாரும் தொடவில்லை. பொறி பொறியாகத் தெரியாமல் சாப்பாட்டு இடமாகத் தெரிய வேண்டும்.

நாலாம் நாள் காலைச் சாப்பாட்டை மட்டும் நிறுத்தினோம், தண்ணீரை நிறுத்தவில்லை. மத்தியானம் செங்கற்களுக்குப் பதிலாக ஒரு குச்சியை முட்டுக் கொடுத்து, அதில் நீளமான கயிறு கட்டி, கதவுக்குப் பின்னால் இருந்தோம். கயிற்றை இழுக்கின்றவர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். குட்டியின் உடம்பும் வாலும் முழுவதாகக் கூடைக்குள் வந்து, அது தின்னத் தொடங்கிய பிறகே இழுக்க வேண்டும். விளிம்பு பட்டால் எலும்பு முறியும். கூடை விழுந்ததும் ஒருவர் மேலே அழுத்திப் பிடிக்க, மற்றவர் தடித்த துணியால் முழுவதும் மூட வேண்டும். இருட்டானதும் குட்டி அடங்கிவிடும். பிறகு கூடைக்குக் கீழால் மெல்லிய பலகையைச் செருகி, அப்படியே தூக்கிச் செல்லலாம். கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். பொறியை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகவும் கூடாது. நமது வெயிலில் அடைபட்ட குட்டி அரை மணி நேரத்திலேயே சுருண்டுவிடும்.

முதல் நாளே மூன்றாவது குட்டி அகப்பட்டது. கறுப்பும் மஞ்சளும் அடுத்த இரண்டு நாட்களில் அகப்பட்டன. அவற்றைக் கேட்டவர்கள் வந்து எடுத்துச் சென்றார்கள். குட்டிகளைத் தனித்தனியே பழக்குவது நல்லதென்று சொல்கின்றார்கள். ஒன்றாக இருந்தால் ஒன்றையொன்று அண்டிக்கொண்டு மனிதரை நாடாது.

சிறிய அறையும் நீளக் கரண்டியும்

நிலையத்தில் துணி வைக்கும் சிறிய களஞ்சிய அறையை வெறுமையாக்கினோம். பெரிய அறை பயந்த குட்டிக்கு உதவாது. ஏதாவது ஓர் அலுமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். ஒளிந்துகொள்ள இடமே இல்லாமல் செய்வதும் கொடுமை. ஒரு கடதாசி மட்டைப் பெட்டியைச் சரித்து வைத்து, பழைய சீத்தைத் துணி போட்டுக் கொடுத்தோம். ஒரு தட்டில் ஆற்றுமணல். மண்ணைக் கிளறி மூடுவது பூனையின் பிறவிப் பழக்கம் என்பதால் அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் எப்போதும் இருந்தது. உப்பு, கொச்சிக்காய், வெங்காயம் சேர்க்காமல் அவித்த மீனைக் கொஞ்சம் சோற்றோடு பிசைந்து நாளுக்கு நான்கு முறை கொடுத்தோம். சிலநாள் முட்டை. பூனை இறைச்சி தின்னும் பிராணி, சோறும் குழம்பும் மட்டும் அதற்குப் போதாது. பசுப்பாலும் பால்மாவும் பல குட்டிகளுக்கு வயிற்றோட்டத்தைக் கொடுக்கும்.

14 நாட்கள் முடியும்வரை வெறுங்கையால் தொடுவதில்லை, பிள்ளைகள் உள்ளே போவதில்லை என்று கதவில் எழுதி ஒட்டினோம். உள்ளே போக இரண்டு பேருக்கு மட்டும் அனுமதி. ஒருவர் நான். மற்றவர் யாரென்று பார்த்தால், பையைக் கட்டச் சொன்ன அதே அக்கா. "ஆரோ ஒராள் இருக்கத்தானே வேணும், நான் பட்டன் தைக்கிறத அதுக்குள்ள இருந்து தைக்கிறன்" என்றார்.

அவர் அறியாமலே செய்தது மிகச் சரியான காரியம். நிலத்தில் இருந்தார். குட்டியைப் பார்க்காமல் தன் வேலையைப் பார்த்தார். பூனையின் மொழியில் உற்றுப் பார்ப்பது மிரட்டல். நின்றபடி குனிவது அதைவிடப் பெரிய மிரட்டல். பக்கவாட்டில் திரும்பி இருந்து, மெல்லிய குரலில் கதைத்து, கண்ணைக் கண் சந்தித்தால் மெதுவாக இமை மூடித் திறக்க வேண்டும். இங்கிலாந்தின் சசெக்ஸ், போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, மனிதர் அப்படி மெதுவாக இமைத்தால் பூனையும் பதிலுக்கு இமைப்பதையும், பிறகு அவரை நெருங்கி வரத் தயங்காமல் இருப்பதையும் காட்டியது.

முதல் இரண்டு நாட்களும் பெட்டிக்குள்ளிருந்து சீறல் மட்டும்தான். சீறுவது கோபம் அல்ல, "கிட்ட வராதே, எனக்குப் பயம்" என்கின்ற வேண்டுகோள். மூன்றாம் நாள் சாப்பாட்டை வைத்துவிட்டு வெளியே வராமல் அங்கேயே இருந்தோம். ஆள் இருக்கும்போது மட்டுமே நல்ல சாப்பாடு என்பது குட்டிக்குப் புரிய வேண்டும். நாலாம் நாள் நீளமான மரக்கரண்டியின் நுனியில் பிசைந்த மீன். அன்று கரண்டியை அடித்தது. ஐந்தாம் நாள் நக்கியது. எட்டாம் நாள் கரண்டியைத் தொடர்ந்து பெட்டிக்கு வெளியே வந்தது. ஒன்பதாம் நாள் ஒரு பழைய பல்தூரிகையைத் தடியில் கட்டி, அது தின்னும்போது பிடரியையும் கன்னத்தையும் மெல்லத் தடவினோம். தூரிகையின் சொரசொரப்பு தாயின் நாக்கைப் போலிருக்கும். ஒரு துண்டுத் துணியை இழுத்து விளையாட்டும் காட்டினோம். தையல் செய்கின்ற வீடுகளில் நூலை மட்டும் விளையாடக் கொடுக்காதீர்கள். விழுங்கிய நூல் குடலை அறுக்கும், ஊசி இருந்தால் இன்னும் மோசம்.

14 நாட்களும் குட்டி சுகமாக இருந்தது. பையனின் வைத்தியரிடம் அதைத் தெரிவித்தோம். பதினைந்தாம் நாள்தான் முதல் தடவையாகக் கை வைத்தோம். தின்றுகொண்டிருக்கும்போது பின்பக்கமாக, முதலில் காதுக்குப் பின்னால். அடுத்த நாள் துவாயில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய மடியில் இரண்டு நிமிடம். அது திமிறுவதற்கு முன்னரே இறக்கிவிட்டோம். ஒவ்வொரு முறையும் நல்ல முடிவோடு முடிய வேண்டும். பத்தொன்பதாம் நாள் நான் வேறு ஒரு வீட்டுக்குப் போயிருந்தபோது தொலைபேசி வந்தது. "இஞ்ச புள்ள, மடியில கிடந்து குறுகுறு எண்டு இரையுது. நான் எழும்ப ஏலாமக் கிடக்கு" என்றார் அக்கா. அதன் பிறகு ஒவ்வொரு பயிலுநராக உள்ளே போய்ப் பழகினார்கள். ஒருவரிடம் மட்டும் பழகிய குட்டி மற்றவர்களைக் கண்டால் ஒளியும் என்பதால் இது அவசியம்.

கடி எதுவும் நடக்காத இடத்தில் இவ்வளவு நாள் காத்திருக்கத் தேவையில்லை. மூன்று நான்கு நாட்களில் தொடத் தொடங்கலாம். மற்றப்படி ஒழுங்கு இதேதான்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

பூனைக்குக் காய்ச்சல் என்று நினைத்துப் பனடோல் கொடுக்காதீர்கள். பரசிற்றமோல் ஒரு துண்டும் பூனையைக் கொல்லக்கூடியது. டெற்றோல் போன்ற கிருமிகொல்லிகளால் குளிப்பாட்டவும் கூடாது. உடம்பை நக்கும்போது அது உள்ளே போகும். நாய்க்குப் போடும் உண்ணி மருந்துகள் சிலவும் பூனைக்கு நஞ்சு. எதற்கும் கால்நடை வைத்தியரைக் கேளுங்கள்.

கர்ப்பிணிச் சகோதரிகள் பூனையை வீட்டை விட்டுத் துரத்தத் தேவையில்லை. பூனையின் மலத்தைத்தான் தவிர்க்க வேண்டும். அதில் இருக்கக்கூடிய ஓர் ஒட்டுண்ணி கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும். அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும் என்பதால், மணல் தட்டை நாள்தோறும் வேறொருவர் சுத்தம் செய்தால் ஆபத்து மிகக் குறைவு. தோட்ட வேலை செய்தாலும் பச்சை இறைச்சியைத் தொட்டாலும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். அதே ஒட்டுண்ணி அவற்றாலும் வரும். பூனை மயிர் உள்ளே போனால் ஈளை வரும் என்பார்கள். ஒவ்வாமை உண்டாக்குவது மயிரல்ல, அதில் ஒட்டியிருக்கும் எச்சிலில் உள்ள ஒரு புரதம். ஆகவே வீட்டில் ஏற்கெனவே இழுப்பு நோய் உள்ளவர் இருந்தால் குட்டியை வேறு வீட்டுக்குக் கொடுப்பதே நல்லது.

தாய்ப்பூனையை மறந்துவிட வேண்டாம்

குட்டிகளைப் பழக்கிக் கொடுத்துவிட்டுத் தாயை அப்படியே விட்டால், அடுத்த சில மாதங்களில் அதே விறகுக்குள் அதே கதை. பூனையின் கர்ப்பகாலம் ஒன்பது கிழமைகள்தான். பால் கொடுக்கும் காலத்திலேயே மறுபடி சினைப்படக் கூடியது அது. பெட்டைக் குட்டியும் ஐந்தாறு மாதத்திலேயே, சிலவேளை அதற்கும் முன்னரே, சினைப்படலாம். பெட்டைக் குட்டிகளைப் பையில் கட்டுவதால் இது குறையவில்லை என்பதை நமது சந்தைகளே காட்டுகின்றன.

எங்கள் பக்கத்துத் தச்சர் விழுகதவு வைத்த ஒரு மரப்பெட்டி செய்து தந்தார். மூன்று நாள் சாப்பாடு வைத்துப் பழக்கித் தாயைப் பிடித்தோம். கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரித்து நாள் எடுத்து, கருத்தடைச் சத்திரசிகிச்சையும் விசர்நோய்த் தடுப்பூசியும் செய்வித்தோம். செலவை நிலையத்தில் எல்லோரும் பங்கிட்டார்கள். ஒருவருக்கு வந்தது ஒரு சட்டை தைக்கின்ற கூலியை விடக் குறைவு. காயம் ஆறும்வரை அடைத்து வைத்திருந்து, பிறகு அதன் இடத்திலேயே விட்டோம். இப்போதும் அது கிட்ட வராது. ஆனால் எலி பிடிக்கின்றது, குட்டி போடுவதில்லை.

மூன்றாவது குட்டியைக் கடைசியில் அக்காவே கேட்டார். "ஒப்பரேஷன் செய்தாத்தான் கொண்டு போவன்" என்பது அவருடைய நிபந்தனை. உரிய வயது வந்ததும் அதுவும் செய்யப்பட்டது. பெட்டைக் குட்டி வேண்டாம் என்பதற்கு அவர் சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான். அந்தக் காரணம் நீங்கியதும் மறுப்பும் நீங்கிவிட்டது.

சகோதரிகளே, உங்கள் மாதர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்துக் கதையுங்கள். உங்கள் பகுதியில் எத்தனை வளவுகளில் பூனைகள் குட்டி போடுகின்றன என்று எண்ணுங்கள். கால்நடை வைத்திய அதிகாரியிடம் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் ஒரு நாள் ஒதுக்கித் தர முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். தனியாள் கேட்டால் கிடைக்காதது சங்கம் கேட்டால் கிடைப்பதுண்டு. ஒரு கூடை, ஒரு மரப்பெட்டி, ஒரு கயிறு இருந்தால் ஊர் முழுவதும் மாறி மாறிப் பயன்படுத்தலாம். குட்டிகள் கண் திறந்து நடக்கத் தொடங்கியிருந்தால் நாளைக்கே தொடங்குங்கள், அவற்றுக்கு இருப்பது சில கிழமைகள்தான்.

அடுத்த இதழில் சந்திப்போம்.